பாரம் காணாது

எனக்குச் சித்திரம் வராது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பொய். எனக்குச் சித்திரம் நன்றாகவே வரும். பாரம்தான் வராது.

இதை விளங்கிக்கொள்ள, இருபத்திரண்டு வயதில் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லவேண்டும். மெலிந்த உடம்பு, எண்ணெய் வழிய வாரிய தலை, காதில் பென்சில். (பென்சில் காதில் இருந்தால்தான் கலைஞன் என்பது என் எண்ணம். தச்சுவேலை செய்கிறவர்களும் அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.) ஊர் மூதூர். சனிக்கிழமை தோறும் லோஞ்சில், அதாவது எஞ்சின் படகில், குடாவைக் கடந்து திருகோணமலைக்குச் சித்திர வகுப்புக்குப் போய்வந்தேன். வகுப்பு நடத்திய மாஸ்டர் ஒரு கடிதம் தந்தால் சித்திர ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். கடிதம் தருவதற்கு அவருக்குப் பிடித்த மாதிரி ஒரு படம் வேண்டும்.

முதலில் துறைமுகத்தைப் படமாகக் கீறிக்கொண்டு போனேன். மாஸ்டர் அதைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். இடப்பக்கம் பாரம் காணாது, போதாது என்றார். கப்பல், பாரந்தூக்கி எல்லாம் வலப்பக்கத்தில் நிற்கின்றனவாம், இடப்பக்கம் வெறும் தண்ணீராம். படம் என்பது தராசு மாதிரியாம். இரண்டு தட்டும் சரியாக நிற்காவிட்டால் பார்க்கிறவனுடைய கண் சரிந்து வெளியே விழுந்துவிடுமாம். அடுத்த கிழமை கோணமலைப் பாறையைக் கீறினேன். அவ்வளவு பெரிய பாறைக்குப் பாரம் இல்லையென்று யார் சொல்ல முடியும்? மாஸ்டர் சொன்னார். பாறையையும் நான் வலப்பக்கத்தில்தான் வைத்திருந்தேன்.

கடைசியாக ஒரு தவணை கிடைத்தது. சனம் நிறைந்த ஒரு காட்சி, அடுத்த சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள். அதற்குப் பிறகு அவர் ஊரைவிட்டே போகிறார், வகுப்பும் இல்லை, கடிதமும் இல்லை.

அந்தக் கிழமை முழுவதும் எனக்குப் பாரம் பிடித்திருந்தது. அலுமாரியை நகர்த்தினேன். கதிரைகளை மாற்றினேன். கோப்பையில் சோற்றை ஒரு பக்கமும் கத்தரிக்காயை மறுபக்கமும் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அம்மா, "சாப்பிடுறியோ, வீடு கட்டுறியோ?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை லோஞ்ச் புறப்பட ஒரு மணித்தியாலம் இருக்கையிலேயே மூதூர் இறங்குதுறைக்குப் போய்விட்டேன். சனம் ஏறிய லோஞ்சையே கீறுவது என்று முடிவு. துறையில் அதன் முன்பக்கத்துக்கு நேரே சித்திரப் பலகையோடு நின்றுகொண்டேன். முக்கால்வாசி முடிந்தபோதுதான் கண்டேன். லோஞ்சில் இருந்த முப்பது பேரும் வெயிலுக்கு ஒதுங்கி வலப்பக்க நிழலில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். துறையை ஒட்டிய இடப்பக்கம் ஒரு ஆடு மட்டும் கட்டியிருந்தது.

ஆட்டைப் பெரிதாகக் கீறியிருக்கலாம். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. கையை உயர்த்தி, மாஸ்டர் சொன்னதை அப்படியே சத்தமாகச் சொன்னேன்.

"இடப்பக்கம் பாரம் காணாது. கொஞ்சப்பேர் இங்கால வாங்கோ."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். லோஞ்சில் ஏறுகிறவர்கள் தினமும் கேட்கிற வசனம் இதுதான், படத்தின் நினைவில் எனக்கு அது தோன்றவில்லை. லோஞ்சைச் செலுத்துகிற தண்டையல் ஒவ்வொரு பயணத்திலும் இதைச் சொல்வார், சனமும் மறுபேச்சில்லாமல் எழும்பி மாறி இருக்கும். அன்று தண்டையல் தேத்தண்ணிக் கடைக்குப் போயிருந்தார். கீழே நின்றவனோ வெள்ளைச் சட்டை, கையில் பலகை, காதில் பென்சில். துறைமுகக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். கொஞ்சப்பேர் அல்ல, முப்பது பேரும் எழும்பி இடப்பக்கம் வந்தார்கள்.

எனக்குத் தெரியாதது ஒன்றும் இருந்தது. சனம் நிழலுக்குத்தான் ஒதுங்கும் என்று தண்டையலுக்குத் தெரியும். அதற்குச் சரிக்கட்ட, இடப்பக்கப் பலகைக்குக் கீழே பதினைந்து நெல் மூட்டை அடுக்கி வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணிக்குப் போயிருந்தார். கண்ணுக்குத் தெரியாத பாரத்தைப் பற்றி மாஸ்டர் எனக்குப் படிப்பிக்கவில்லை.

லோஞ்ச் மெதுவாகச் சரிந்து துறையில் தொங்கிய டயர்களில் சாய்ந்து நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எஞ்சின் பெட்டியின் மேல் உறிகட்டி அடுக்கியிருந்த பன்னிரண்டு தயிர்ச்சட்டிகளும் சறுக்கிக்கொண்டு வந்தன. ஐந்தைச் சனம் பிடித்துவிட்டது. மிச்சம் ஏழும் உடைந்தன, பாதி ஆட்டின் மேல், பாதி என் மேல், சிதறியது எல்லோர் மேலும்.

தண்டையல் கையில் தேத்தண்ணியோடு ஓடி வந்தார்.

"ஆர் பாரம் மாத்தச் சொன்ன?"

முப்பது கைகள் என்னைக் காட்டின.

"நீங்க ஆர்?"

"நான் சித்திரம் படிக்கிறனான்" என்றேன்.

அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, ஏறுங்க என்றார். ஆம், அதே லோஞ்சில்தான் நானும் போகவேண்டும். தயிர் பூசிய முப்பது பேருக்கு நடுவே ஒன்றேகால் மணித்தியாலம் இருந்தேன். எந்தப் பக்கம் இருப்பது என்று தண்டையலிடம் கேட்டுத்தான் இருந்தேன். ஆடு மட்டும் என் சட்டையை நக்கிக்கொண்டு அன்பாக வந்தது.

தயிரின் சொந்தக்காரி சுபைதா ராத்தா; எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சில் ராத்தா என்றால் அக்கா. டவுனில் அன்று மத்தியானம் அவருடைய தம்பிக்குக் கலியாணம், தயிர் கொண்டுபோவது அவர் பொறுப்பு. வழிநெடுக அழவுமில்லை, ஏசவுமில்லை. இறங்கும்போதுதான் பேசினார்.

"தம்பி, நீங்க என்னோட வந்து சொல்லோணும். நான் சொன்னா ஆரும் நம்பமாட்டாங்க. கவனமில்லாமக் கொண்டு வந்தண்டு என்னையத்தான் ஏசுவாங்க."

மணி பத்தரை. வகுப்புக்குப் போகும் பாதை வலப்பக்கம், கலியாண வீடு இடப்பக்கம். கையில் முக்கால்வாசிப் படம், அதிலும் பாரம் காணாது, தயிர் வேறு. ஆனாலும் ஓடிப்போய் மாஸ்டரிடம் கெஞ்சினால் கடிதம் கிடைக்கலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. பெரிய ஆசை. ராத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இடப்பக்கம் திரும்பினேன்.

கலியாண வீட்டில் ராத்தாவின் மூத்த காக்கா, அதாவது அண்ணன், கதையை முழுக்கக் கேட்டார். பிறகு படத்தைக் காட்டச் சொன்னார். பார்த்தார். ஆடு நல்லாயிருக்கு என்றார். அதன்பின் தயிர் தேட ஆளனுப்பியதில் நானும் போய் மூன்று கடை ஏறி இறங்கினேன், திரும்பி வந்தால் சாப்பிடாமல் போக விடவில்லை. ஒரே சகனில், பெரிய தட்டில், ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிட்டோம். விடைபெறும்போது ராத்தா, "உங்கட கலியாணத்துக்குத் தயிர் நான்தான் தருவன். ஆனா நீங்க கிட்ட வரப்படாது" என்றார்.

வகுப்புக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். கதவு பூட்டு. படியில் குந்தியிருந்து கொஞ்சம் அழுதேன். சட்டை புளித்த மணம் மணந்தது.

சித்திர ஆசிரியர் வேலை அதோடு போயிற்று. பிறகு தோப்பூரில் ஒரு நெல்லுக் களஞ்சியத்தில் மூட்டை நிறுக்கிற வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை, நெல் கொண்டு வருகிற கமக்காரரிடமெல்லாம் நாளாந்தம் நான் சொன்ன வசனத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சில வருடம் கழித்து எனக்குக் கலியாணம். கதை அதற்குள் பெண்வீடு வரை போயிருந்தது. (என் மனைவி அந்த லோஞ்சில் இல்லை. ஆனால் இன்றைக்கும் அவர் சொல்லும்போது தயிரைத் துடைத்துக்கொண்டே சொல்வார்.) டவுனிலிருந்து வந்த படம்பிடிக்கிறவருக்கு மட்டும் கதை தெரியாது. எல்லோரையும் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார், தலையை வெளியே எடுத்தார், கையை உயர்த்தினார்.

"இடப்பக்கம் பாரம் காணாது. கொஞ்சப்பேர் இங்கால வாங்கோ."

ஒரு ஆளும் அசையவில்லை. அம்மா முன்வரிசையில் கதிரையை இறுகப் பிடித்துக்கொண்டார். மனிசன் இரண்டு தரம் கெஞ்சிப் பார்த்தார், பிறகு தானே போய்ப் பந்தலோரம் இருந்தவற்றைத் தூக்கிவந்து அந்த வெறும் இடத்தில் அடுக்கினார்.

அந்தப் படம் இப்போதும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வலப்பக்கம் நாங்கள் எல்லோரும் நெருக்கிக்கொண்டு நிற்கிறோம். இடப்பக்கம் சுபைதா ராத்தா சொன்னபடி அனுப்பிய பன்னிரண்டு தயிர்ச்சட்டிகள் இருக்கின்றன. ஒன்றும் உடையவில்லை. பாரம் சரியாக இருக்கிறது.