பதினேழாம் பக்கத்து மஞ்சள்

நான் வாசிக்காத புத்தகங்களைப் பற்றி மிக நன்றாகப் பேசுவேன். வாசித்த புத்தகங்களைப் பற்றிப் பேசத்தான் வராது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது குறுக்கே வந்து நிற்கும்.

இது பிறவியிலேயே வந்த வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். பாரிஸில் பழகிய தொழில். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் மாதத்துக்கு ஒரு புத்தக வெளியீடாவது நடக்கும். மண்டபம், மங்கள விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, ஆய்வுரை, ஏற்புரை, கடைசியில் வடை. ஆய்வுரைக்காரர் பின்னட்டையைப் பார்ப்பார், முன்னுரையின் முதல் பந்தியைப் பார்ப்பார், எழுந்து நாற்பது நிமிடம் பேசுவார். அந்த ஆய்வுரைக்காரர் பெரும்பாலும் நான். கைவசம் மூன்று வசனங்கள் வைத்திருந்தேன். "இந்த நூலில் மண் மணக்கிறது." "ஒரு தாயின் கண்ணீர் ஒவ்வொரு பக்கத்தையும் நனைத்திருக்கிறது." "இதை ஒரு தடவை வாசித்தால் போதாது." (மூன்றாவதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். ஒரு தடவையாவது வாசித்திருக்க வேண்டுமே.)

மற்ற நாட்களில் எனக்குப் பலசரக்குக் கடையில் வேலை. கல்லாவில் நிற்பேன், ஆள் இல்லாத நேரத்தில் மூட்டையிலிருந்து மஞ்சள் தூளைச் சின்னப் பைகளில் அடைப்பேன். அதனால் என் விரல்கள் எப்போதும் மஞ்சள். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. வெளியீட்டு விழாக்களில் கையை ஆட்டிப் பேசும்போது முன்வரிசைக்காரருக்குச் சாம்பார் ஞாபகம் வரும் என்று என் மனைவி வசந்தி சொல்வாள்.

கடைக்குப் பக்கத்தில் றொசலினின் சலூன். ஐவரி கோஸ்டில் இருந்து வந்தவர். அங்கே ஒரு தலைக்குப் பின்னல் போட ஐந்தாறு மணித்தியாலம் எடுக்கும். அவ்வளவு நேரமும் ஒரு பெண் கதிரையில் இருந்து சத்தமாக நாவல் வாசிப்பாள், மற்றவர்கள் பின்னிக்கொண்டும் பின்னப்பட்டுக்கொண்டும் கேட்பார்கள். எல்லாம் மெல்லிய காதல் நாவல்கள். அட்டையில் கட்டாயம் ஒரு டொக்டர் இருப்பார். அவருடைய சேட்டில் மேல் மூன்று பொத்தான்களும் திறந்திருக்கும். (அந்தக் குளிரில் எப்படித் தடிமன் பிடிக்காமல் இருக்கிறார் என்பது மருத்துவ உலகத்துக்கே புதிர்.)

2009ஆம் ஆண்டு எனக்கு ஞானம் வந்தது. இந்தக் கறுப்பினச் சகோதரிகளைக் குப்பையிலிருந்து மீட்டு உயர் இலக்கியத்துக்குக் கொண்டுபோக வேண்டும். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஞானம் வந்தவனை யாரும் கேட்பதில்லை, அவனாகத்தான் வருவான்.

ஒருநாள் வாழைக்காயும் மரவள்ளியும் வாங்க வந்த றொசலினிடம் ஆரம்பித்தேன்.

"மதாம், ஏன் இந்த டொக்டர் கதையள்? நல்ல இலக்கியம் வாசிக்கலாமே. உங்கட சனத்தின்ரை வரலாறு, துயரம், போராட்டம்..."

"தொந்தோன்," என்றார் றொசலின். மாமா என்று அர்த்தம். ஆபிரிக்கர்கள் வயதில் மூத்த ஆண்களை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு, அவருக்கு ஐம்பது. "நான் காலமை ஒன்பது மணியிலயிருந்து மற்றவையின்ரை தலையோட நிக்கிறன். துயரமெல்லாம் என்ரை முழங்காலில இருக்குது. பின்னேரம் கதையில ஆராவது கலியாணம் கட்டினாத்தான் எனக்கு அந்த நோவு போகும்."

(அவர் பேசியது பிரெஞ்சு. என் காதில் விழும்போது எல்லா மொழியும் யாழ்ப்பாணத் தமிழாக மாறிவிடும்.)

பக்கத்தில் வெண்டிக்காய் முறித்துப் பார்த்துக்கொண்டிருந்த அய்சாத்தா, சலூனில் வேலை செய்பவர், செனகல்காரர், கேட்டார்: "உங்கட தமிழ்ப் பெண்டுகள் என்ன வாசிக்கினம்?"

"செவ்வியல் இலக்கியம்," என்றேன் கூசாமல். அந்த நேரம் வசந்தியின் தலையணைக்குக் கீழே நான்கு பாக்கெட் நாவல்கள் இருந்தன.

அடுத்த நாள் என் சொந்தப் புத்தகத்தையே கொண்டுவந்து றொசலினின் வாழைக்காய்ப் பையில் வைத்தேன். ஒரு ஆபிரிக்கப் பெண் எழுத்தாளரின் பிரெஞ்சு நாவல். நானூற்று எண்பது பக்கம், பரிசு வாங்கியதற்கு அடையாளமாகச் சிவப்புப் பட்டி. பழைய சாமான் சந்தையில் எடுத்து மூன்று மாதமாக வாசித்துக்கொண்டிருந்தேன். அதாவது, வைத்துக்கொண்டிருந்தேன். 'தன் கிராமத்தை விட்டுப் புறப்படும் ஒரு பெண்ணின் காவியம்' என்று பின்னட்டை சொன்னது. இதைவிட என்ன வேண்டும்?

றொசலின் புத்தகத்தைக் கையில் தூக்கி நிறை பார்த்தார். பிறகு நிபந்தனை போட்டார்.

"நாலு கிழமை தாங்கோ. நாங்கள் வாசிக்கிறம். பிறகு ஒரு ஞாயிறு பின்னேரம் நீங்கள் சலூனுக்கு வந்து இதைப் பற்றிக் கதையுங்கோ. எங்கட கேள்வியளுக்குப் பதில் சொன்னா நாங்கள் டொக்டரை விட்டுடுறம். சொல்லாட்டில் நீங்கள் கிழமைக்கொருக்கா வந்து டொக்டரை எங்களுக்கு வாசிக்க வேணும்."

"ஓம்," என்றேன். நாலு கிழமையில் நானும் மிச்சத்தை வாசித்திருக்கலாம். ஆனால் புத்தகம் அவர்களிடம் இருந்ததே. (இந்தச் சாக்குப்போக்கை இன்றைக்கு வரைக்கும் வசந்தி ஏற்றுக்கொள்ளவில்லை.)

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் சர்வதேச இலக்கியப் பணியைப் பார்க்கச் சிவஞானம் அண்ணையையும் அழைத்தேன். அண்ணைக்கு விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை. பதினொரு வருடம், தேத்தண்ணி இடைவேளைகளில் மட்டும் எழுதி, எழுநூறு பக்கத்தில் ஒரு நாவல் முடித்திருந்தார். அடுத்த மாதம் வெளியீடு. ஆய்வுரை நான்தான். "தம்பி, நீர் ஒருத்தர் ஒழுங்காச் சொன்னாப் போதும், எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்," என்று சொல்லி இரண்டு மாதத்துக்கு முன்பே பிரதியைத் தந்திருந்தார். அது எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கம்பீரமாக இருந்தது.

"வாசிச்சு முடிச்சீங்களோ?" என்று வசந்தி கேட்பாள்.

"உள்வாங்கிக்கொண்டிருக்கிறன்."

"எதால?"

அந்த ஞாயிறு வந்தது. புறநகரான கூசேன்வில்லில் இருந்து ரயில் பிடித்து, கார் து நோர் நிலையத்தில் இறங்கி, கோட்டும் சூட்டுமாக அண்ணை வந்தார். வசந்தி வந்தாள். பதினொரு வயது மகள் திவ்யா, எனக்குப் பிரெஞ்சு சறுக்கினால் தூக்கிவிட வந்தாள். சலூனில் பதினான்கு பெண்கள். இரண்டு பேருக்குப் பாதித் தலைதான் பின்னியிருந்தது. என்னைத் தலை உலர்த்தும் இயந்திரத்துக்குக் கீழே இருந்த கதிரையில் இருத்தினார்கள். மேடை மாதிரித்தான் இருந்தது, தலைக்கு மேலே கவிழ்த்த அண்டாவை மறந்துவிட்டால்.

தொடங்கினேன். கடைப் பிரெஞ்சு எனக்கு அத்துப்படி, 'எத்தனை கிலோ', 'பை வேணுமா', 'நாளைக்கு வரும்'. அதை வைத்துக்கொண்டே இருபத்தைந்து நிமிடம் இலக்கியம் பேசினேன். அண்ணை கண்ணை மூடித் தலையாட்டினார். கடைசியில் என் மூன்று பொன் வசனங்களையும் எடுத்துவிட்டேன். மண் மணக்கிறது. தாயின் கண்ணீர். ஒரு தடவை போதாது.

கைதட்டல் இல்லை. அய்சாத்தா கையை உயர்த்தினார்.

"தொந்தோன், எந்த மண்?"

"கிராமத்து மண்."

"அவ பதினெட்டாம் பக்கத்தில கப்பல் ஏறிட்டா. கடைசிப் பக்கம் வரைக்கும் இறங்கேல்லை. முழுக்கக் கடல்தான்."

நான் சளைக்கவில்லை. "மண்ணைப் பிரிஞ்ச ஏக்கம்தான் மண்ணின்ரை மணம்." அண்ணை "அப்பிடிச் சொல்லும்" என்று முணுமுணுத்தார்.

"தாயின்ரை கண்ணீர்?"

"அது... மகளைப் பிரிஞ்ச தாய்."

"தாய்தானே மகளைக் காட்டிக் குடுத்தவ," என்றார் றொசலின். "எண்பதாம் பக்கத்தில தெரியவரும். ஒரு சொட்டுக்கூட அழேல்லை. நாங்கள்தான் அழுதது. அண்டைக்கு மூண்டு தலை கோணலாப் போச்சுது."

திவ்யா என் காதுக்குள் பிரெஞ்சில் கேட்டாள், நீங்கள் வாசிக்கவே இல்லையா என்று. நான் எனக்குப் பிரெஞ்சு விளங்காத மாதிரி, "சும்மா இரு" என்றேன்.

"நான் வேறொரு கோணத்தில வாசிச்சனான்," என்று தொடங்கினேன். மிகவும் பழைய ஆயுதம். லா சப்பலில் அது ஒருநாளும் தோற்றதில்லை.

றொசலின் புத்தகத்தைத் திறந்து எல்லாருக்கும் தெரியும்படி பிடித்தார். முதலாம் பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் விரல் அடையாளம். இரண்டாம் பக்கம், மஞ்சள். ஐந்து, மஞ்சள். பத்தாம் பக்கத்தில் முழுப் பெருவிரல் ரேகை, காவல்துறைக்குக் கொடுத்தால் பிடித்துவிடுவார்கள். பதினேழாம் பக்கம், மஞ்சள். அந்த இடத்தில் அடையாளத்துக்கு வைத்த ஒரு பழைய ரெலிபோன் கார்ட். பதினெட்டில் இருந்து கடைசி வரைக்கும் பால் மாதிரி வெள்ளை.

"முதல் நாளே கண்டனாங்கள்," என்றார் றொசலின் அன்பாக. "எண்டாலும் நீங்கள் நல்லாக் கதைப்பீங்கள் எண்டு கடையில ஆக்கள் சொன்னவை. அதுதான் கேப்பம் எண்டு விட்டனாங்கள்."

சிரிப்பில் சலூன் இரண்டாகப் பிளந்தது. பாதித் தலை பின்னிய பெண் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டாள். நான் எழும்பினேன். உலர்த்தும் அண்டா என் தலையில் இடித்து 'டொங்' என்றது. அன்றைய நிகழ்ச்சியில் உண்மையான ஓசை அது ஒன்றுதான்.

சிரிக்காதவர் ஒருவர்தான். சிவஞானம் அண்ணைக்குப் பிரெஞ்சு அரைகுறை. ஆனால் மஞ்சளுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

"தம்பி," என்றார் மெதுவாக. "என்ரை புத்தகம் எத்தினையாம் பக்கத்தில நிக்குது?"

"முன்னுரையே அற்புதமண்ணை," என்றேன். "என்ன நடை உங்களுக்கு."

"முன்னுரை நான் எழுதேல்லை," என்றார்.

பதினொரு வருடத் தேத்தண்ணி இடைவேளைகள் அந்தக் கண்ணில் தெரிந்தன. அதற்குமேல் எனக்கு எந்த வசனமும் இருக்கவில்லை. மூன்றும் முடிந்துவிட்டன.

அப்போது வசந்தி சொன்னாள்: "அண்ணை, நான் முழுக்க வாசிச்சனான். இருநூறாம் பக்கத்துக்கிட்ட கொஞ்சம் அலுப்படிச்சது, உண்மையைச் சொல்லுறன். அந்தப் பொதியளுக்கை ஆரோ மறந்துபோய் விட்ட பிள்ளைச் சப்பாத்து வருகுதே, அதுக்குப் பிறகு வைக்க மனம் வரேல்லை. அண்டைக்கு இவருக்குச் சோறு அடிப்பிடிச்சது அதாலதான்."

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார். "எந்தச் சப்பாத்து? அந்தச் சிவப்போ?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் ஆய்வுரை வசந்திதான். பதினைந்து நிமிடம். அலுப்பையும் சொன்னாள், சப்பாத்தையும் சொன்னாள். நான் வடை பரிமாறினேன்.

தோற்றவன் தண்டனை அனுபவிக்க வேண்டுமே. கிழமைக்கொரு பின்னேரம் சலூனில் டொக்டரை வாசித்தேன். 'நீ இல்லாமல் நான் வாழமாட்டேன்' என்பதை நான் 'இரண்டு கிலோ போதுமா' என்ற தொனியில் வாசிப்பதாக முறைப்பாடு வந்தது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் டொக்டர் அவளைத் தவறாக நினைத்துப் பிரிந்துபோனபோது நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினேன். அய்சாத்தா பேப்பர் துண்டு தந்தார். மிச்சத்தைத் தெரிந்துகொள்ளாமல் தூங்க முடியாது என்று புத்தகத்தை வீட்டுக்கே இரவல் வாங்கிப் போனேன். நான் முதல் தடவையாகக் கடைசிப் பக்கம் வரை போன பிரெஞ்சுப் புத்தகம் அதுதான்.

அய்சாத்தா பிறகுதான் ஒரு விஷயம் சொன்னார். "உங்கட கப்பல் புத்தகம் எனக்கு டக்காரில பள்ளிக்கூடத்தில பாடம், தொந்தோன். அதை வாசிச்சு வெறுத்துத்தான் நான் டொக்டருக்கு வந்தனான். இந்த முறை நல்லாயிருந்தது. சோதினை இல்லைத்தானே." இப்போது சலூனில் ஒரு டொக்டர், ஒரு கனமான நாவல் என்று மாறி மாறி ஓடுகிறது. கனமானதைத் தெரிவு செய்வது அவர்கள். எனக்கு வாக்குரிமை கிடையாது. அந்த ரெலிபோன் கார்ட் இன்னும் றொசலினின் சலூன் கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருக்கிறது.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். நான் அரசியல் பேசினாலும், சொந்தக்காரரின் விவாகரத்துக்குக் காரணம் சொன்னாலும், என் இரத்தப் பரிசோதனை முடிவை நானே விளக்கினாலும், திவ்யா தலையை நிமிர்த்தாமல் கேட்பாள்: "பாஜ் கொம்பியன், பப்பா?" எத்தினையாம் பக்கம். இப்போது அவளைக் கட்டியிருக்கும் பிரெஞ்சுப் பையனுக்குத் தெரிந்த ஒரேயொரு தமிழ் வசனமும் 'எத்தினையாம் பக்கம்'தான்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து வசந்தியிடம் நீட்டினேன். வாங்கவில்லை. கண்ணாடிக்கு மேலால் என் விரல்களைப் பார்த்தாள்.

"நீங்கள் முழுக்க வாசிச்சனீங்களோ?"