401 நெடுஞ்சாலையில் செத்துப்போன உஸ்பெக் பெண்கள்

உஸ்பெக் இலக்கியத்தில் பெண்கள் எப்படியெல்லாம் மாறினார்கள் என்பதை, 401 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டே கற்றுக்கொண்டவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருவர் பரீனா அக்கா. மற்றவள் நான். அது எங்களுக்குத் தேவையா என்று யாரும் கேட்கவில்லை. விடியற்காலையில் எனக்குத் தேவைப்பட்டவை வரிசைப்படி: தூக்கம், கோப்பி, மறுபடி தூக்கம்.

நாங்கள் வேலைக்குப் போன வானை ஓட்டியவர் தாஷ்கண்ட் அன்ரி. சோவியத் காலத்தில் புலமைப்பரிசில் பெற்று, யாழ்ப்பாணத்திலிருந்து தாஷ்கண்டுக்குப் போய் நீர்ப்பாசனம் படித்தவர். ரொறன்ரோவில் மருந்துப் பெட்டிகளின் லேபல் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அதற்கு நீர்ப்பாசனம் தேவைப்படவில்லை. மிச்சமிருந்தது உஸ்பெக் மொழி. அதை அவர் எங்கள்மீது பாய்ச்சினார்.

பரீனா அக்கா கல்முனைக்காரர், அன்ரியோடு அதே இடத்தில் வேலை. நான் பக்கத்துக் கட்டடத்தில் மென்பொருள் சோதிப்பவள். அன்ரி எங்களை அஜக்ஸில் ஏற்றி, டோர்செட் பார்க்கில் இறக்குவார். பின் இருக்கையில் எனக்கு மட்டும் இடம். மற்ற இடமெல்லாம் அன்ரியின் உஸ்பெக் நாவல்கள். அன்ரியின் மகனுக்கு அந்த வானைக் கண்டாலே ஆகாது. அதை விற்றுவிட்டு அம்மா வீட்டோடு இருந்து பேரப்பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய நீண்டகாலத் திட்டம். அன்ரி அதைப் பற்றிப் பேசமாட்டார். வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவார், அவ்வளவுதான்.

அந்த நாவல்களைத் தமிழில் கதையாகச் சொல்வதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. தெரு திறந்திருந்தால் கதையில் வருடங்கள் பறக்கும். கதாநாயகி ஒரே நிமிடத்தில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டிவிடுவாள். நெரிசல் என்றால் ஒரே உரையாடல் கால்மணி நேரம் இழுபடும். முன்னால் விபத்து என்றால் கதை முழுதாக நின்று, ஆப்பிரிகொட் மரங்கள் பூப்பதை வர்ணிக்கத் தொடங்குவார். எப்படியிருந்தாலும், பழைய காலத்து நாவல் என்றால், நெடுஞ்சாலையை விட்டு இறங்குவதற்குள் அந்தப் பெண் செத்துவிடுவாள்.

முதல் நாவலின் கதாநாயகி நிகோரா அப்படித்தான் போனாள். நாலு சுவருக்குள்ளிருந்த உள்முற்றத்தைத் தாண்டாதவள். மாமியார் பேச்சைக் கேட்டுக் கணவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். இரண்டு வாரம் அந்தச் சக்களத்தியின் கொடுமையைக் கேட்டோம். ஒரு வெள்ளிக்கிழமை, கெனடி வீதிக்குத் திரும்பும் இடத்தில், அன்ரி சிக்னலைப் போட்டுக்கொண்டே அவளுக்கு நஞ்சு கொடுத்தார்.

"என்ன அன்ரி, சாகடிச்சிப் போட்டீங்களே. காப்பாத்தி விட்டா என்ன?" என்றார் பரீனா அக்கா, மூக்கைத் துடைத்தபடி.

"நானே எழுதினனான்? எழுதினபடிதான் சொல்லலாம். முடிவை மாத்த எனக்கு உரிமையில்லை."

திங்கட்கிழமை பரீனா அக்கா ஒரு சட்டி இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்து ஏறினார். முகம் சரியில்லை. வீட்டில் இந்தக் கதையைச் சொல்லும்போது அது நாவல் என்பதைச் சொல்ல மறந்திருக்கிறார். அவருடைய மாமியார் இரண்டு வாரமாக நிகோராவுக்காகத் தொழுகைதோறும் துஆக் கேட்டு, கடைசியில் பொறுக்கமுடியாமல் வட்டிலப்பமும் செய்து அனுப்பிவிட்டார்.

"அந்தப் புள்ள சக்களத்திக்கிட்ட அடி வாங்கி மெலிஞ்சி போயிருக்குமாம். குடுத்திட்டு வரட்டாம்."

"உவள் வெள்ளிக்கிழமையே செத்துப்போனாளே," என்றார் அன்ரி.

"மாமிக்கு அத எப்பிடிச் சொல்ற?"

வாகனத் தரிப்பிடத்தில் நின்று மூன்று பேருமாகச் சாப்பிட்டோம். நிகோராவின் பெயரால் நான் இரண்டு துண்டு எடுத்தேன்.

அடுத்து வந்தவள் சோவியத் காலத்துக்காரி. முகத்தை மறைக்கும் பரஞ்சியைச் சந்தியில் போட்டு எரித்தாள். எழுதப் படித்தாள், டிராக்டர் ஓட்டினாள், கூட்டத்தில் எழுந்து பேசினாள். பரீனா அக்காவுக்குப் பரஞ்சியை எரித்ததில் உடன்பாடில்லை, டிராக்டர் பிடித்திருந்தது.

"பருத்தி பறிச்சுப்போட்டு வீட்ட வந்து ரொட்டி சுட்டாள், மாட்டில பால் கறந்தாள்," என்று தொடர்ந்தார் அன்ரி.

"புருசன் என்ன செஞ்சான்?"

"அவனைப் பற்றி அந்தப் பக்கத்தில ஒண்டும் எழுதேல்லை."

என் தொழில் புத்தி அங்கேதான் விழித்துக்கொண்டது. ஒவ்வொரு காலத்திலும் அந்தப் பெண்ணுக்குப் புதிய வேலைகள் சேர்க்கப்படுகின்றன. பழையவை எதுவும் நீக்கப்படுவதில்லை. இதைத்தான் நான் அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன். இப்படிப்பட்ட மென்பொருள் ஒருநாள் சத்தமில்லாமல் நின்றுவிடும். ஏன் நின்றது என்று எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள்.

உஸ்பெக் நாடு சுதந்திரம் அடைந்த பிறகு எழுதப்பட்ட ஒரு நாவலுக்கு வந்தோம். டிராக்டர் போய்விட்டது. இப்போது அவள் தாய், பொறுமையானவள், நாட்டையே தொட்டிலில் போட்டு ஆட்டுகிறவள். அப்போதுதான் வானின் ஒலிபெருக்கியில் மகனின் அழைப்பு வந்தது.

"அம்மா, லிசின். ஸ்ரௌவ்வில்ல வாங்கின புது வீடு அடுத்த வீக்கெண்ட் குளோசிங். அந்தச் சனிக்கிழமை வானைப் பாக்க ஒருத்தர் வாறார். இனி நீங்கள் பேபியோட வீட்டில ரெஸ்ட் எடுங்கோ."

குழந்தையோடு ஓய்வெடுக்கலாம் என்று நம்புகிற அளவுக்கு அவர் நல்ல பிள்ளை.

"அங்க கடைக்குப் போறதெண்டாலும் கார் வேணுமாமே தம்பி?"

"நான் கூட்டிக்கொண்டு போவன்தானே அம்மா."

"ஓம்," என்றார் அன்ரி.

அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருந்ததென்று எங்களுக்குத் தெரியாது. தெரு திறந்திருந்தும் வான் வேகம் எடுக்கவில்லை.

"பிறகு அந்தத் தாய் என்ன செஞ்சா?" பரீனா அக்கா மெதுவாகக் கேட்டார்.

"தொட்டிலை ஆட்டினாள். வேறென்ன. எழுதினபடிதான்."

வானின் கடைசிக் கிழமைக்கு அன்ரி புதிய நாவல் ஒன்றை எடுத்தார். எழுதியவரும் பெண். இதில் நஞ்சு இல்லை, நெருப்பு இல்லை, கூட்டமும் இல்லை. பிள்ளைகளை வளர்த்து முடித்த ஒருத்தி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக நினைக்கிறாள். குடும்பமே கூடி வேண்டாம் என்கிறது. வெள்ளிக்கிழமை கெனடி வீதி வந்தபோது அவள் வாசற்படியில் நின்றாள், ஒரு கையில் பை, மற்றக் கையில் வீட்டுப் பூட்டின் திறப்பு.

"பிறகு?"

"பிறகு இல்லை. புத்தகம் அவ்வளவுதான்."

"முடிவு இல்லாமலா இவ்வளவு தூரம் கூட்டி வந்தீங்க?"

"இப்பத்தைய ஆக்கள் அப்பிடித்தான் பிள்ளை. முடிவை எங்கட தலையில கட்டிவிடுறாங்கள்."

டோர்செட் பார்க்கில் இறங்கினோம். பரீனா அக்கா கதவை அடித்துச் சாத்தினார். அது கோபம் இல்லை.

அந்த வார இறுதியில் நான் பஸ் நேரங்களைப் பார்த்துவைத்தேன். திங்கட்கிழமை பஸ் தரிப்பிடத்தில் நானும் பரீனா அக்காவும் நிற்க, பின்னால் ஹோர்ன் சத்தம். அதே வான். அதே நாவல்கள்.

"விக்கேல்லையா அன்ரி?"

"வாங்க வந்த பெடியனுக்குப் புத்தகமும் சேர்த்துத்தான் தருவன் எண்டன். கதையையும் கொஞ்சம் சொல்லிக் காட்டினன். தேத்தண்ணியும் குடியாமல் ஓடிட்டான்."

"குழந்தை?"

"தேப்பன் வீட்டிலயிருந்துதானே வேலை செய்யிறான். மடியில வைச்சுக்கொண்டு கொம்பியூட்டரைப் பாக்கட்டும். ஆறு மணிக்கு நான் போய் வாங்குவன் எண்டு சொல்லிப்போட்டன்."

"தம்பி என்ன சொன்னவர்?"

"லிசின் எண்டான். நீ லிசின் எண்டன்."

அன்ரி குடிபோயிருந்த ஸ்ரௌவ்விலில் இருந்து நேரே தெற்கே இறங்கினால் அவருடைய வேலைத்தலம். அவரோ கிழக்கே அஜக்ஸுக்கு வந்து, எங்களை ஏற்றிக்கொண்டு, மறுபடி மேற்கே போகிறார். எந்த வரைபடத்திலும் அப்படி ஒரு வழியை யாரும் சொல்லமாட்டார்கள்.

"இது பெரிய சுத்தெல்லே அன்ரி?" என்றேன்.

"நேரா வந்தால் கதை சொல்ல நேரம் காணாது பிள்ளை."

நெடுஞ்சாலையில் ஏறியதும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. அவள் அந்தத் திறப்பைப் பைக்குள்ள போட்டாள்."

அந்தப் புத்தகம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பரீனா அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் நாவல்களை ஒதுக்கிவிட்டு முன்னால் சரிந்து உட்கார்ந்தேன்.

பிறகு எனக்கு நகரத்தின் மத்தியில் வேலை கிடைத்தது. இப்போது ரயிலில் போகிறேன். நெரிசல் இல்லை, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருகிறது. அவ்வளவு சீக்கிரம் போய் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.