ஆடிட் அன்று மட்டும் நல்லவர்

வாசகரே, திருப்பூரில் 'ஆடிட் நாள் நல்லவர்' என்றொரு இனம் உண்டு. வருஷத்தில் இரண்டே நாள்தான் கண்ணில் படும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் தொழிற்சாலையைச் சோதிக்க ஆள் அனுப்புகிறாரே, அந்த இரண்டு நாள்.

எங்கள் பனியன் கம்பெனி முதலாளி கந்தப்பன் இந்த இனத்தில் முதல் தரம். நேற்றுவரை அவசர வழியை அடைத்துக் கிடந்த துணி மூட்டைகள் மாடியேறிவிடும், முதலுதவிப் பெட்டியின் தொலைந்துபோன சாவி கிடைத்துவிடும், கழிப்பறைக்குச் சோப்பு வந்துவிடும், டெய்லர்கள் முகத்தில் மாஸ்க் ஏறிவிடும், 'ஏய்' தவிர வேறு பெயர் தெரியாத வாயில் தேன் ஒழுகும். "சாப்ட்டியா கண்ணு?" என்பார். மணி பதினொன்று. எந்தச் சாப்பாடு?

போன தடவை ஆடிட்டுக்கு வந்த அம்மாள், செக்கிங் டேபிளில் நின்ற அனுசுயாவிடம், "லீவு கேட்டா தர்றாங்களா?" என்று கேட்டார். அனுசுயா விருதுநகர்ப் பக்கம். தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டு, 'ஷிப்மெண்ட் முடியட்டும்' என்ற பதிலை மூன்று தடவை வாங்கியிருந்தாள். கல்யாணம் அந்த வார ஞாயிறு. தாயில்லாத தங்கச்சிக்குத் தாய் இடத்தில் நிற்க இவளை விட்டால் ஆளில்லை.

அனுசுயா முதலாளியை ஒரு பார்வை பார்த்தாள். "தாராகக்கா. தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு நாள் தாரேன்னுட்டாக. நாளைக்கு ஊருக்குப் போறேன்."

அவளுக்கும் நடிப்பு வந்துவிட்டது! கந்தப்பனுக்கு வியர்த்தது. ஆனாலும் வேஷம் கட்டியவர் பாதியில் கலைப்பாரா?

"குடுக்காம என்னங்க! நாலு நாளென்ன, ஒரு வாரம் இருந்துட்டு வரட்டுமுங்க. நம்மூட்டுப் புள்ளயாட்டங்க. கண்ணாலத்துக்கு நானே போறனுங்க!"

அம்மாள் அத்தனையையும் எழுதிக்கொண்டார். கார் கேட்டைத் தாண்டியது. சோப்பு பீரோவுக்குள் போனது.

"ஏம்மா, ஷிப்மெண்ட் கெடக்குதே..." என்று ஆரம்பித்தார் கந்தப்பன்.

"அந்த அக்கா எழுதிட்டுப் போயிட்டாகளே மொதலாளி" என்று கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள் அனுசுயா. "நீங்களும் வாரீகன்னு ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

போனாரா? போனார். முன்வரிசையில் உட்கார்ந்தார். தாலி ஏறும்போது அனுசுயா அழுதாள். கந்தப்பனும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்கே ஆடிட் செய்ய யாரும் இல்லை. அதனால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் என்ன, சிரிக்கிறீர்களா? போன வாரம் சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது, "நீ உட்காரும்மா, காபி நான் போடுறேன்" என்று மனைவியை உட்கார வைத்தீர்களாமே. அவர்கள் போனபின் அந்தத் தம்ளர்களைக் கழுவியது யார்?