பெண் பார்க்க வந்த கார் கிளம்பவில்லை

காஜா பேராங், மலாக்கா.
22-10-1957

செரம்பானில் வீற்றிருந்து ஊர்க் கல்யாணங்களையெல்லாம் கூட்டிவைக்கும் மைத்துனர் கலியாணசுந்தரம் அவர்களுக்கு, உம் அக்காள் கணவன் சேதுராமன் எழுதிக்கொண்டது. அம்மன் கிருபையால் இங்கே உம் அக்காள் நலம், உம் மருமகள், என் மகள் சிவகாமசுந்தரி நலம். நீர் அனுப்பிவைத்த கார் மட்டும் நலமில்லை.

நீர் பார்த்துச் சொன்ன மூவார் மாப்பிள்ளை ஜெயபாலனும் அவன் தகப்பனார் மருதமுத்துவும் தாயார் ருக்மணி அம்மாளும் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், வழக்கம்போல் "போயிட்டு லெட்டர் போடுறோம்" என்று எழுந்தார்கள். இதே வார்த்தையைச் சொல்லிப் போன முந்தைய இரண்டு வீட்டாரின் லெட்டரும் இன்றுவரை வந்தபாடில்லை. அதிலிருந்து, பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலே சுந்தரிக்கு முகம் செத்துப்போகிறது. சரி, இவர்களையும் கும்பிட்டு அனுப்பலாம் என்று வாசலுக்கு வந்தால், கார் 'டக்' என்றது, அதோடு சரி. "ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு மாமா. பயப்படாதீங்க, வேற ஒண்ணு கொண்டாந்திருக்கேன். அரை மணி நேர வேலதான்" என்றான் மாப்பிள்ளை. மச்சான், பெண் பார்க்க வருகிறவன் பூ கொண்டுவருவான், பழம் கொண்டுவருவான். காரின் பின்பெட்டியில் மோட்டார் கொண்டுவருகிறவனை உம்மால்தான் கண்டுபிடிக்க முடியும்.

முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பலாமே என்றேன். ஹேண்டில் மூவாரில் கோழிக்கூண்டுக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறதாம். தள்ளிக் கிளப்பலாமே என்றேன். "பொண்ணு பாத்துட்டு வண்டியத் தள்ளிக்கிட்டா போறது? சகுனம் நல்லாவா இருக்கும்?" என்று ருக்மணி அம்மாள் என்னையே கேட்டார். பஸ்ஸில் போகலாமே என்றால், காரில் வந்து பஸ்ஸில் திரும்பினால் மருதமுத்துவுக்கு மூவாரில் தலைகாட்ட முடியாதாம். தெருமுனைப் பட்டறையிலிருந்து ஆளைக் கூப்பிடுகிறேன் என்றதற்கு, "வெளி ஆள் கைய வைக்க விடமாட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டு என் கைலியை வாங்கிக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் போனவன்தான். அந்த அரை மணி நேரம் இன்று செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்டது, என் வீட்டு முற்றத்துக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை.

வேலை தெரிந்தவனா என்றால் அதுவும் இல்லை. பேட்டரி வயரைக் கழற்றாமல் ஸ்பானரை வைத்தான். தீப்பொறி ஒரு பக்கம் பறந்தது, ஸ்பானர் ஒரு பக்கம் பறந்தது, "ஐயோ என் புள்ள" என்று ருக்மணி அம்மாள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு இப்ராஹீம் குடும்பமே வேலிக்கு வந்துவிட்டது. வந்தவர்கள் இன்னும் போகவில்லை, இன்றைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தே விட்டார்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் என்றான். உம் அக்காளின் தலைக்கு வைக்கும் எண்ணெய் போனது. முட்டுக்கொடுக்கக் கல் என்றான், அம்மிக்கல் போனது. அன்றிலிருந்து வீட்டில் சட்னி கிடையாது. அதற்கும் மருதமுத்து, "சாம்பார் நல்லாத்தான் இருக்கு, தொட்டுக்கத்தான் ஒண்ணுமில்ல" என்று எனக்கே குறை சொல்கிறார். மனுஷன் என் சாய்வு நாற்காலியில் படுத்து என் பேப்பரைப் படிக்கிறார். படித்து முடித்த பக்கத்தை விரித்துத்தான் அதன்மேல் பழைய மோட்டாரைக் கிடத்தியிருக்கிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். காருக்கு அடியில் இருட்டாக இருக்கிறதென்று உம் மருமகள் தன் கைக்கண்ணாடியைக் கொண்டுபோய், வெயிலைத் திருப்பி உள்ளே வெளிச்சம் காட்டுகிறாள். "கொஞ்சம் இடப்பக்கம்" என்கிறான் அவன். "இது ஒங்க இடமா, என் இடமா?" என்கிறாள் இவள். அப்புறம் காருக்கு அடியிலும் சிரிப்பு, வெளியிலும் சிரிப்பு. வேலிக்கு அந்தப்பக்கம் இப்ராஹீம் வீட்டிலும் சிரிப்பு. நாளைக்கு இவனும் லெட்டர் போடாமல் விட்டால் அந்தப் பிள்ளை என்ன ஆகும் என்று எவனாவது நினைத்தானா?

ஆகவே, இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம். இரண்டு போல்ட்டை மூன்று நாளாகக் கழற்றுகிறவன் ஒரு குடும்பத்தை எந்தக் காலத்தில் நடத்துவான்? நீர் உடனே புறப்பட்டு வந்து, அனுப்பிவைத்த மூவரையும் காரையும் இழுத்துக்கொண்டு போம். உம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். உமக்கு இந்தத் தடவை கிடையாது.

இப்படிக்கு,
சேதுராமன்

பி.கு: கடிதத்தை ஒட்டப் போகும்போது கார் கிளம்பிவிட்டது. முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது. மருதமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு, "அப்ப போயிட்டு லெட்டர் போடுறோம்" என்றார். சுந்தரி கண்ணாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை, மச்சான். "டைனமோ சத்தம் சரியில்லையே" என்று சொல்லிவிட்டேன். டைனமோ காரில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தான், சுந்தரி போன கதவைப் பார்த்தான், எஞ்சினை நிறுத்திவிட்டு, "ஆமா மாமா, சரியில்லதான்" என்று கைலியைக் கேட்டான். டைனமோவை இப்போது அவிழ்த்துப் போட்டிருக்கிறான். வெளிச்சத்துக்கு ஆள் வந்தாயிற்று. பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வாரும். அவன் மெதுவாகத்தான் பூட்டுவான், இருந்தாலும் சீக்கிரம் வாரும்.