தண்டவாளம் எடுத்த போட்டோக்கள்

தண்டவாளம் எடுத்த போட்டோக்களில் ஒருவர்கூடச் சிரித்ததில்லை. எல்லோரும் செத்துப்போனவர்கள்.

கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ரயிலில் அடிபட்டு யாரென்று தெரியாமல் கிடந்தால், போலீஸ் படமெடுக்கக் கூப்பிடுவது இவரைத்தான். தண்டவாளம் என்பது அதனால் வந்த பெயர். ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் இவரைக் கேமராவோடு உள்ளே விட்டதில்லை.

"ஒரே ஒரு காதுகுத்துக்குப் போனேன்பா. கொயந்தய எடுத்து முடிச்சதும், பயக்கதோசத்துல ‘துணியப் போட்டு மூடிடுங்க’ன்னுட்டேன்" என்பார். அதோடு சரி.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். தொழிற்பேட்டையில் பைப் கம்பெனி வேலை. மழைக்கால ஈரத்தில் அவருடைய பழைய நெகடிவ்கள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்ததும், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றக் கிளம்பிவிட்டார். செல்போனில் வெறும் வெள்ளைத் திரையை எரியவிட்டு, அதன்மேல் கண்ணாடி, கண்ணாடிமேல் நெகடிவ், அதற்கும் மேலே தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கேமரா. தூசி பறக்குமென்று வீட்டில் ஃபேனுக்குத் தடை. மே மாதம் வந்தும் அந்தத் தடை நீங்கவில்லை. கழுவிய நெகடிவ்கள் ஹாலில் கொடியில் காயும், அவர் மனைவியின் புடவைக்குப் பக்கத்திலேயே.

"ஊட்டுல மனுசங்க ரெண்டே பேரு. மத்ததெல்லாம் பொணம். எந்த ஒறவுக்காரன் வருவான் இங்க?" என்பார் அந்த அம்மா.

ஒருநாள் தண்டவாளம் ஒரு சுருளை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். நெகடிவில் அத்தனை பேருக்கும் நரைத்த தலை.

"கெயவனுங்க மாரி இருக்கானுங்கல்ல? இப்ப பாரு."

கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினார். நிறம் திரும்பியது. எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். பிழைக்க வந்தவர்கள்.

"இத வச்சிக்கினு இன்னா சார் பண்ணப்போறீங்க?"

"எவனாவது தேடிக்கினு வருவான்பா. வந்தா, ஒட்டிப்போச்சுன்னு சொல்ல முடியுமா?"

இதை மறுநாள் கம்பெனி கேன்டீனில் நடித்தே காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த ரமணம்மாவின் கரண்டி மட்டும் நின்றுவிட்டது. ஆந்திர எல்லையில் உள்ள தடாவிலிருந்து வேலைக்கு வருகிறவர். இங்கே வேலை தேடி வந்த அவர் தம்பி இருபது வருடமாக வீடு திரும்பவில்லை. அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சிரித்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை ரமணம்மாவைத் தண்டவாளத்தின் வீட்டுக்கு அழைத்துப்போனேன். தண்டவாளம் ஒரு முகத்தையும் காட்டவில்லை.

"மொதல்ல அடையாளம் சொல்லும்மா. தழும்பு, பச்ச குத்துனது, எதுனா."

"எடது கையில என் பேரு குத்தியிருக்கான் நைனா. தெலுங்குல."

தண்டவாளம் எதையும் தேடவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து ஒரே ஒரு படத்தைத் திறந்து, கை மட்டும் தெரியும்படி பெரிதாக்கி, ரமணம்மா பக்கம் திருப்பினார்.

திரையில் இருந்த தன் பெயரை ரமணம்மா விரலால் தடவினார்.

"மொகம்?"

"வேணாம்மா. ரயிலு... பொதைக்கும்போது நானும் கூட இருந்தேன். எடம் தெரியும். கூட்டிக்கினு போறேன்."

"அப்ப இந்தக் கை போதும் நைனா. காயிதத்துல போட்டுக் குடு."

அச்செடுத்துக் கொடுத்தார். அன்றே மூவரும் போனோம். சுடுகாட்டு ஓரம் முழுக்க முள்செடி. அதற்குள் நுழைந்து, தயங்காமல் ஓரிடத்தைக் காட்டினார். பிறகு தள்ளிப்போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன.

இப்போது நான் திருவள்ளூரில் இருக்கிறேன். வாரம் ஒருமுறை தண்டவாளத்துக்குப் போன் செய்வேன்.

"இன்னாப்பா விசயம்?"

"சும்மாதான் சார்."

அவர் போனை எடுக்கக் கொஞ்சம் நேரமானால், என்னால் உட்காரவே முடிவதில்லை.