கண்ணாடி அலுமாரிப் பெரும்போர்

வாழ்க முருகையா! நமுனுகுல மலைமுடியில் மேகம் வெண்குடை பிடிக்க, தேயிலைக் கொழுந்துகள் சாமரம் வீச, தோட்டத்து ஃபெக்டரியில் கிளாக்கராய்க் கொலுவிருந்து, பாட்டன் காலத்துக் கேமராக்களைப் பதுளை பஜாரின் பழஞ்சாமான் கடைகள்தோறும் தேடிச் சிறைமீட்ட செம்மல், கேட்ட விலையைக் கேட்டவாறே கொடுக்கும் வள்ளல், மூக்குக்கண்ணாடியின் மேல் உருப்பெருக்கியும் அணிந்த நாற்கண்ணன், கலாராணி கொழுநன், நீடு வாழ்க! வாழத்தான் வேண்டும், அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அன்னோனின் குவார்ட்டர்ஸ் முன்னறையில் கலாராணியின் சீதனமாய் வந்த கண்ணாடி அலுமாரி ஒன்று நின்றது. பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் வீற்றிருக்க வேண்டிய அதன் அரியாசனங்களில் பெட்டிக் கேமராக்களும், துருத்திபோல் விரிந்து மடங்கும் கேமராக்களும் அடங்காப் பெருமிதத்தோடு அமர்ந்திருக்க, உரிமைக்காரக் கோப்பைகளோ அட்டைப்பெட்டிக்குள் கட்டிலுக்குக் கீழே வனவாசம் புரிந்தன. சரி, அந்தக் கேமராக்களில் ஒன்றாவது படம் பிடிக்குமா? அதுதான் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கலாராணி ஒருநாள் அகப்பையைச் செங்கோலென உயர்த்திப் போர்முரசு அறைந்தாள்.

"இங்க பாருங்க, ஆயுத பூசைக்கு எங்கண்ணன் வீட்டு ஆளுங்க எல்லாம் வாறாங்க. அன்னைக்கு இந்த டப்பாவுல ஒரு படம், ஒரே ஒரு படம் புடிச்சுக் காட்டுங்க. இல்லாட்டி அலுமாரி எனக்கு. டப்பாவெல்லாம் கட்டிலுக்குக் கீழ போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்று முழங்கினான் முருகையா. முழங்கிய பிறகுதான் அலுமாரிப் பக்கம் திரும்பி, படம் பிடிக்கக்கூடியது எதுவெனத் தேடினான்.

ஆயினும் வீரன் பின்வாங்குவானோ! சேனையிலேயே மூத்ததான கறுப்புப் பெட்டிக் கேமராவைத் தேர்ந்தெடுத்து மேசையாம் களத்தில் நிறுத்தினான். மூடுபனி ஈன்ற தலைப்பிள்ளையாம் பூஞ்சணம் லென்ஸின்மேல் பாசறை அமைத்துப் பரவியிருக்க, அதைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு ஓடஓட விரட்டி, துருவேறி மூச்சடங்கிய ஷட்டருக்குப் பேனாவின் சுருள்கம்பியால் உயிரூட்டி, வெளிச்சப் பகைவன் புகுந்த விரிசல்களைப் பழங்குடைத் துணியால் அடைத்து, மேலிருந்து குனிந்து பார்க்கும் காட்சித் துவாரத்துக்குக் கலாராணி இன்றுவரை தேடிக்கொண்டிருக்கும் கைக்கண்ணாடியிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பதித்து, சோறு ஆறியதும் அறியான், குழம்பு ஏடு படிந்ததும் அறியானாய்ப் பொருதான். இறுதியில் விரல்பட்டதும் "டக்" என்றது ஷட்டர். அடடா, அந்த ஒரு சத்தத்துக்கு அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

புலர்ந்தது ஆயுத பூசைப் பொன்னாள்! கொழும்பிலிருந்து தருவித்த ஃபிலிம் சுருள் கேமராவின் வயிற்றில் குடிபுகுந்தது. தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தி, தையல் மெசின், அரிவாள்மனை, ரைஸ் குக்கர் என வீட்டிலுள்ள படைக்கலம் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் சாத்திவந்த கலாராணி, கேமராவின் முன்னே மட்டும் தயங்கினாள்.

"என்னங்க, இந்த டப்பாவுக்குமா?"

கண்ணாடி முன் நின்று மீசையை நீவிக்கொண்டிருந்த காவலன் திரும்பியும் பாராமல் ஆணையிட்டான்: "அது ஆயுதம் இல்லாம வேற என்ன? அதுக்கும் வை!"

"எங்க வைக்கிறது?"

"நடுவுல வை! நல்லாப் பெருசா வை!"

சதுரப் பெட்டிக்கு நடு எது? பொட்டுக்கென்றே கடைந்தெடுத்தாற்போல் முகப்பின் மத்தியில் வட்டமாய் ஒரு கண்ணாடி மின்னியது. கலாராணி புருசன் சொல்லைத் தட்டாதவள். சந்தனத்தைக் குழைத்து நல்லாப் பெருசாகவே வைத்தாள்.

பிறகு முற்றத்தில் மச்சான் குடும்பமும், அண்டைவீட்டு இராக்கம்மாவும் அணிவகுத்து நின்றனர். பெட்டிக் கேமராவை வயிற்றோடு அணைத்து லென்ஸோடு தொடர்பில்லாத தனித் துவாரத்தில் மேலிருந்து குனிந்து நோக்குவதே அதன் போர்முறை ஆதலால், தன் ஆயுதத்தின் முகத்தை அவன் ஒருமுறையும் கண்டானில்லை. எதிரே நின்ற அத்தனை பேரும் கண்டார்கள். சாமிக்கு வைத்த பொட்டை யார் குறைசொல்வார்? இராக்கம்மா பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மரியாதை தனக்கே என்று எண்ணி நெஞ்சு விம்மிய நாயகன், டக் டக்கென்று சுருள் தீருமட்டும் சுட்டுத் தள்ளினான். மச்சானைக் கொஞ்சம் சிரிக்கவும் சொன்னான்.

வெற்றித் திருமுகம் காணவேண்டி மனையாளையும் அழைத்துக்கொண்டு, கேமராவைக் கைக்குழந்தைபோல் துணியில் பொதிந்து மடியில் வைத்துப் பஸ் ஏறிப் பதுளை சேர்ந்தான். இன்றும் ஃபிலிம் கழுவத் தெரிந்த ஸ்டூடியோ றவூப் நானா, சுருளைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒன்றுமே இல்லை. மச்சானும் இல்லை, மச்சானின் சிரிப்பும் இல்லை.

நானா கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகப்பை விரல்நுனியால் தட்டினார்.

"கிளாக்கர் ஐயா, இந்தப் பொட்டு எப்ப வெச்சது?"

அண்டம் நடுங்கியது, ஸ்டூடியோவின் மின்விசிறி திகைத்தது, முருகையாவின் நான்கு கண்களும் கலாராணிமேல் பாய்ந்தன.

"நீங்கதானே நடுவுல வைக்கச் சொன்னீங்க," என்றாள் அவள், சேலைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைத்தபடி. "பெருசாவும் வைக்கச் சொன்னீங்க."

பூஞ்சணத்தை வென்றவன், துருவைத் துரத்தியவன், வெளிச்சத்தையே வெளியே நிறுத்திய வித்தகன், தன் வாய்ச்சொல் ஒன்றால் தானே வீழ்ந்து, தலைகவிழ்ந்து, மலைவளைவுகள்தோறும் குலுங்கிய பஸ்ஸில் கேமராவை மடியில் குப்புறக் கவிழ்த்தபடி மீண்டான்.

மறுநாள் முருகையா அலுமாரியில் கோப்பைகளை அடுக்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.