சவுக்குக் கட்டை கட்டிய சைக்கிள் பாதை

“புதன்கிழமை வந்து பாருங்க மேடம். எங்க ஊரு சுண்ணாம்புக்கல் லாரியெல்லாம் ஒரு சைக்கிளுக்குப் பின்னால, ஒரு ஹாரன்கூட அடிக்காம, பூனை மாதிரி வரும்.”

போனில் சொல்லி முடித்த பிறகுதான் தன் வாய் என்ன சொன்னது என்று நெடுஞ்சாலைத்துறை உதவிப் பொறியாளர் பஞ்சநாதனுக்கு உறைத்தது. அரியலூரில் சூரியன் மேற்கே உதிக்கும் என்று சொல்லியிருந்தால்கூட, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று நாலு பேர் விடியற்காலையில் மொட்டைமாடி ஏறியிருப்பார்கள். லாரி ஹாரன் அடிக்காது என்றால் தொட்டில் குழந்தை சிரிக்கும். அங்கே ஹாரன் சத்தத்தில் காய்ச்சிய பால் திரிந்துவிடும். சாலையோரத் தென்னையில் இளநீர் ஒரே பகலில் முற்றித் தேங்காயாகிவிடும்.

சென்னைத் தலைமை அலுவலகத்துப் பானுப்ரியா மேடம் சிரிக்கவில்லை.

“பஞ்சநாதன், நான் திருமானூர்க்காரி. அரியலூர்ல ஹாஸ்டல்ல தங்கி, அந்த ரோட்டுலதான் சைக்கிள் மிதிச்சுக் காலேஜ் போனேன். யார்கிட்ட கதை விடுறீங்க?”

“நடக்கும் மேடம்.”

“நடந்தா அன்னிக்கே உங்க சைக்கிள் பாதைக் கான்கிரீட் தடுப்புக்குக் கையெழுத்து போட்டுத் தரேன். நடக்கலைன்னா சாயந்திரமே எல்லாத்தையும் பிரிச்சுருங்க.”

பஞ்சநாதன் இப்படி வாயை விட்டதற்கு ஒரே காரணம் அவர் மனைவி சுமதி. பெரம்பலூர் சாலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தினமும் காலையில் கேரியரில் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் போவாள். போன மாதம் ஒரு லாரி உரசக்கூட இல்லை. அது கிளப்பிய காற்றே அவளைத் தூக்கிச் சாக்கடையில் போட்டது. மணிக்கட்டு வீங்கிப் போயிற்று. சுமதி முட்டைக்காக அழுதாள், லாரிக்காரனைத் திட்டினாள், சைக்கிளை மட்டும் விடமாட்டேன் என்றாள். அன்றிலிருந்து, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து அவள் மிஸ்டு கால் கொடுக்கும்வரை பஞ்சநாதனுக்கு இட்லி தொண்டையில் இறங்குவதில்லை.

மேலிடத்தில் கெஞ்சி, கூத்தாடி, சாலையின் இடப்புறம் தடுப்பு போட்ட சைக்கிள் பாதைக்கு ஒருநாள் வெள்ளோட்டம் வாங்கிவிட்டார். அனுமதி வந்ததே தவிர, தடுப்பு வரவில்லை. அந்த நேரத்தில்தான் பந்தல் கட்டும் ராஜா அருள்பாலித்தார்.

“கவலைய விடுங்க சார். நம்மகிட்ட சவுக்குக் கட்டை இருக்கு. ஒரு பய உள்ள நுழைய முடியாது.”

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் பஸ் ஸ்டாண்டு முனையிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை மார்பளவு உயரத்தில் இரண்டு வரிசைக் கட்டை கட்டியாகிவிட்டது. யாரும் கேட்காமலே ஓரத்தில் வெள்ளைப் பொடியால் கோடும் போட்டிருந்தார் ராஜா. பஞ்சநாதன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

புதன் காலை டீக்கடை உண்ணாமலை முதல் குண்டைப் போட்டாள்.

“யாரு சார் வர்றாங்க?”

“யாரும் வரலைம்மா. இது சைக்கிள் பாதை.”

அவள் கட்டையைப் பார்த்தாள், பொடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “சொல்லக் கூடாதுன்னா வேணாம் சார்” என்று சொல்லிவிட்டு, ஆரத்தித் தட்டு எடுக்க வீட்டுக்குப் போனாள்.

அப்போதுதான் பஞ்சநாதனுக்கு விஷயம் புரிந்தது. சவுக்குக் கட்டையும் வெள்ளைப் பொடியும் சேர்ந்தால் தமிழ்நாட்டில் ஒரே பொருள்தான். அந்தக் கட்டைக்கு நடுவே ஒரு எருமைமாட்டை ஓட்டி விட்டாலும் மாலை போட ஆள் நிற்கும். இருபது வருடமாகத் தலைவர்களுக்கே கட்டிக் கட்டி ராஜாவின் கைக்கு வேறு எதுவும் கட்ட வராது. தலைவர் இறங்கிக் கையசைக்க நடுவில் ஒரு மேடை வேறு போட்டு வைத்திருந்தார்.

பஞ்சநாதன் தெருத்தெருவாகப் போய், யாரும் வரவில்லை, யாரும் வரவில்லை என்றார். இவ்வளவு கட்டை கட்டியும் யாரும் வரவில்லை என்கிறார்கள் என்றால், வருவது பெயர் சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய ஆள் என்று ஊர் முடிவு செய்தது. செய்தி பூலாம்பாடி தாண்டிப் பறந்தது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெரியவர், மகனின் விசா சிக்கலை மனுவாக எழுதிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஆளுங்கட்சிக்காரர்கள் வாழைமரம் கட்டினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் கறுப்புக் கொடியோடு வந்து, யாருக்குக் காட்டுவது என்று தெரியாமல் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தவில் செட்டும் வந்து சேர்ந்தது.

பஞ்சநாதன் ஆபீசுக்கு ஓடி, கொட்டை எழுத்தில் ஒரு பலகை எழுதி வந்து கட்டினார்: ‘மிதிவண்டிகளுக்கு மட்டும்.’

வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் அதை உரக்கப் படித்தார். “பாத்தியாய்யா, சைக்கிள்லயே வர்றாங்களாம். என்ன எளிமை.”

அதோடு, அதுவரை வீட்டில் இருந்த பாதி ஊரும் கிளம்பி வந்தது.

இனி போலீஸ்தான் வழி என்று எஸ்.ஐ. முத்தமிழ்செல்வனுக்குப் போன் போட்டார். எஸ்.ஐ. வந்து இறங்கியதும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த மிச்சம் ஏழெட்டுப் பேரும் நம்பிவிட்டார்கள். முத்தமிழ்செல்வன் முகம் சுருங்கிப் போயிருந்தது.

“இவ்ளோ பெரிய ஆளு வர்றாங்க, ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு ராமநாதபுரத்துக்கு டிக்கெட் எடுத்துக் குடுக்கலாம்னு பாக்குறீங்களா சார்?”

பஞ்சநாதன் தலைகீழாக நின்று விளக்கினார். எஸ்.ஐ. கேட்டுவிட்டுத் தலையாட்டினார். “புரியுது சார். ரகசியம். நீங்க சொல்லல, நான் கேக்கல.” அடுத்த நிமிடம் புறவழிச்சாலை முனையில் லாரி, கார், பஸ் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். பிறகு சாலையில் நின்ற கூட்டத்தை லத்தியால் தள்ளி, கட்டைக்குப் பின்னால் கொண்டுபோய் அடைத்தார்.

கட்டைக்குப் பின்னால் இருந்தது சைக்கிள் பாதை.

பஞ்சநாதன் எட்டிப் பார்த்தார். கோழிக்கூண்டு போல நெருக்கியடித்து மனிதர்கள். சைக்கிள் என்ன, ஒரு அகர்பத்தியைக்கூட உள்ளே செருக முடியாது. மேடத்துக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. மணியைப் பார்த்தார். சுமதி கிளம்பும் நேரம். அவளுக்கு அடித்தார், அவளும் எடுக்கவில்லை. சைக்கிள் ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியவர் அவர்தான்.

இதற்குள் புறவழிச்சாலையில் லாரிக்காரர்கள் இறங்கிச் சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டதாக எஸ்.ஐ.க்குச் செய்தி வந்தது. லாரி வரிசையை மட்டும் முதலில் மெதுவாக விடச் சொன்னார். தலைவர் எந்த நேரமும் வரலாம், மரியாதையாக வாருங்கள் என்று டிரைவர்களை எச்சரிக்கவும் சொன்னார்.

முதல் லாரி பஸ் ஸ்டாண்டு முனையில் தலைகாட்டியபோது, பக்கத்துச் சந்திலிருந்து சுமதி வெளியே வந்தாள்.

பாதையைப் பார்த்தாள். நிறைய ஆள். ஒருகணம் தயங்கிவிட்டு, வழக்கம்போல நடுரோட்டில் ஏறினாள். லாரிக்கு நேர் முன்னால்.

பஞ்சநாதன் அதைப் பார்த்துவிட்டார். எந்த இடத்தில் அவள் போகவே கூடாது என்று இத்தனை பாடுபட்டாரோ, அதே இடத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது அவர் கட்டிய கட்டை. ஓட முயன்றார்; கூட்டம் விடவில்லை. கட்டை மேல் ஏறினார். சுமதிக்குப் பின்னால் மலை போல ஒரு லாரி, அதன் பின்னால் இன்னொரு மலை, அதன் பின்னால் மலைத்தொடர். வரிசையின் வால் பெரம்பலூரில் இருந்ததாகப் பிறகு சொன்னவர்கள் உண்டு. இப்போது ஒரு ஹாரன் அடித்தால் போதும். வீங்கிய மணிக்கட்டு நடுங்கும். ஹேண்டில் திரும்பும். அவ்வளவுதான். பஞ்சநாதன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

எதுவும் கேட்கவில்லை. மெதுவாகக் கையை எடுத்தார். அப்போதும் எதுவும் கேட்கவில்லை.

லாரிகள் வந்துகொண்டிருந்தன. சைக்கிள் செயினின் கிறீச் கிறீச் மட்டும் கேட்டது. எங்கோ ஒரு காகம் கத்தியது; அரியலூரில் காகம் கத்தும் என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அம்மா வந்துட்டாங்கப்பா” என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். அவ்வளவுதான், தவில் முழங்கியது. முத்தமிழ்செல்வன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். உண்ணாமலை ஓடிவந்து ஆரத்தி சுற்றினாள். யாரோ சால்வை போர்த்தினார்கள். கறுப்புக் கொடிக்காரர்கள் கொடியை உதறி விரித்து, முட்டையோடு வரும் பெண்ணைப் பார்த்துவிட்டு, சங்கடப்பட்டு மறுபடி மடித்தார்கள். சுமதி எதையும் பார்க்கவில்லை. உடையாமல் முட்டையைக் கொண்டுசேர்ப்பதிலேயே கண்ணாக இருந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் இறங்கி, சால்வையைக் கழற்றிக் கணவர் தோளில் போட்டாள்.

“என்னங்க கூத்து இது? முட்டை மேல எவரோ விசா மனுவ வெச்சுட்டுப் போறாரு.”

முழுசாக நிற்கிறாள். பஞ்சநாதன் அவள் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் யார் என்று தெரிந்ததும் எஸ்.ஐ.யின் சல்யூட் கை, தொப்பியை நகர்த்தித் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கியது. கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது.

பிறகுதான் அடுத்த பயம் வந்தது. சொன்னபடியே நடந்துவிட்டது, பார்க்க வேண்டியவர் வரவில்லை. சொன்னால் நம்புவாரா? போட்டோ நூறு பேர் எடுத்திருந்தார்கள், போட்டோவில் ஹாரன் அடிக்காதது எப்படித் தெரியும்? வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் தவில்தான் காதைக் கிழித்தது. சாயந்திரம் கட்டையைப் பிரித்துவிடுவார்கள். நாளைக் காலை சுமதி மறுபடி லாரிகளுக்கு நடுவில். ராஜாவைக் கூப்பிட்டு, பிரித்துவிடப்பா என்று சொல்ல வாயெடுத்தார்.

வாசலில் நின்றிருந்த முதல் லாரியின் இடப்பக்கக் கதவு திறந்தது. கைப்பையைத் தோளில் மாட்டிய ஒரு பெண்மணி, காலால் படியைத் தேடித் தேடி இறங்கினார். தலை முதல் சேலை வரை சுண்ணாம்புக்கல் தூசி. லாரி முதலாளியின் வீட்டம்மா போல என்று பஞ்சநாதன் நினைத்தார்.

“பஞ்சநாதன் யாரு?”

போனில் கேட்ட அதே குரல். பஞ்சநாதன் கையெடுத்துக் கும்பிட்டார்.

தன் கார் லாரி வரிசைக்குக் கடைசியில் மாட்டிக்கொண்டதாகவும், நடந்தே முன்னால் வந்து இந்த லாரியில் ஏறிக்கொண்டதாகவும் பானுப்ரியா மேடம் தூசியைத் தட்டியபடியே சொன்னார். பஞ்சநாதன் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

“மேடம், சொன்னா நம்ப மாட்டீங்க, இப்பதான் இங்க...”

மேடம் அக்கம் பக்கம் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“நடந்துச்சுங்க, நான் இல்லைங்கல. ஹாரன்ல கை வெக்கப் போன டிரைவரை, ‘மந்திரியம்மா முன்னால போறாங்க, சும்மா இருப்பா’ன்னு கையைப் பிடிச்சு நிறுத்துனதே நான்தான்.”